மொஸ்கோ வழியே ஒரு பீக்கிங் பட்ஜ்

சோவியத் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டிருந்த வருடங்களில் நான் பாரிஸில், லாசப்பலில் ஓர் அறையில் இருந்தேன். மூன்றாவது ஆள் செத்த செய்தி வந்தது எண்பத்தைந்தாம் ஆண்டு, குளிர் விடாத ஒரு மார்ச் மாதம். ரூ காய் என்ற தெருவில் இருந்த சாப்பாட்டுக் கடையின் தொலைக்காட்சியில் சவப்பெட்டியைக் காட்டினார்கள். கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக நின்றார்கள். கடையில் ஒருவரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. நான் மட்டும் இடியப்பத்தை விட்டுவிட்டு எழும்பி நின்றேன். அனுதாபத்தால் அல்ல. என் மனைவி மொஸ்கோ வழியாக வருவதற்கு ஒழுங்கு நடந்துகொண்டிருந்தது. தலைவர் செத்தால் விமான நிலையத்தை மூடிவிடுவார்களோ என்பதுதான் என் யோசனை.

என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊரில் மொஸ்கோ சார்புக் கொம்யூனிஸ்டுகளோடு நின்றவர். கூட்டத்துக்குக் கதிரை அடுக்கியவர், சுவரொட்டி ஒட்டியவர். சோவியத்து பற்றி எதைக் கேட்பதென்றாலும் நாங்கள் அவரைத்தான் கேட்போம்.

"மூடமாட்டாங்கள். நீ இருந்து சாப்பிடு," என்றார்.

"அடுத்து வாற ஆளும் கிழவனெண்டால்?"

"அந்தக் கிழவன் சாகிறதுக்கு முதல் உன்ரை மனிசி வந்திடுவா. இரு எண்டுறன்."

அடுத்து வந்தவர் கிழவர் அல்ல. எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்த நாட்களில் கொழும்பில் சோவியத் விமானத்தில் ஏறினால் மொஸ்கோ. அங்கே மாறி ஏறினால் கிழக்கு பேர்லின். கிழக்கு பேர்லினில் இறங்கியவர்களின் கடவுச்சீட்டில் வழிப்பயண விசா குத்தி, மேற்குப் பக்கம் போகும் ரயிலைக் கையால் காட்டிவிடுவார்கள். மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பார்க்க ஆளில்லை. நகரத்துக்கு நடுவே ஓடும் அந்தக் கோடு ஓர் எல்லையே அல்ல என்பது மேற்கு நாடுகளின் பிடிவாதம். எல்லை இல்லாத இடத்தில் எப்படிக் காவல் போடுவது? இரண்டு பெரிய பகுதிகள் ஒன்றை ஒன்று ஏற்றுக்கொள்ளாததால் நடுவில் ஓர் இடுக்கு உண்டாகியிருந்தது. எங்கள் சனம் அந்த இடுக்கால் வந்தது.

அண்ணைக்கு அதில் பெருமை. "ஒடுக்கப்பட்ட சனத்துக்கு உலகத்திலை ஒரே ஒரு நாடுதான் கதவைத் திறந்து வைச்சிருக்கு," என்பார்.

"ரிக்கற்றுக் காசை டொலரிலை எல்லே அண்ணை வாங்கினம்?"

"அது வேறை, இது வேறை. எட்டாம் வகுப்போடை நிண்டவனுக்கு இதை விளங்கப்படுத்த ஏலாது."

எட்டாம் வகுப்போடு நின்றது உண்மை. அப்பா செத்த பிறகு புடவைக் கடையில் வேலைக்குப் போனேன். அரசியல் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைக்கு வந்தவர்கள் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டே பேசியதுதான். பாரிஸில் உணவகம் ஒன்றின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். அந்த வேலையை எல்லோரும் பிளோஞ் என்பார்கள். அண்ணைக்கும் வேறோர் உணவகத்தில் பிளோஞ்தான். கைக்கு மட்டும் வேலை இருந்ததால் எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. அது நல்லதாக இருக்கவில்லை. மனைவி கொழும்பில் பிடிபடுவாள். பிடிபடாவிட்டால் மொஸ்கோவில் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பாவிட்டால் பேர்லினில் பிழையான ரயிலில் ஏறுவாள். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு யோசனை வந்தது.

எங்களிடம் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. ஊரில் பயணத்துக்கு நிற்பவர்களுக்கு, என்ன செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கசற்றில் பேசி அனுப்புவோம். தொலைபேசி எடுப்பது பெரும் பாடு. கடிதம் எழுதினால் யார் கையில் அகப்படுமோ என்ற பயம். கசற் என்றால் மேலே ஏதாவது பக்திப்பாட்டு என்று எழுதி, முதல் பாட்டை அப்படியே விட்டு, அதற்குப் பிறகு பேசலாம். ஊரில் வீட்டுக்காரர் எல்லாரும் சுற்றி இருந்து கேட்பார்கள். அயலவர்களும் வருவார்கள். அவர்கள் வீட்டிலும் ஒருவர் பயணத்துக்கு நிற்பார்.

நானும் பேசி அனுப்பினேன். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல். ஆரோடும் சிரிக்காதே, முகத்தை உம்மென்றும் வைத்திராதே. எல்லாம் சொல்லி முடித்தும் எனக்குத் திருப்தி வரவில்லை. அப்போதுதான் மாமாவின் பட்ஜ் நினைவுக்கு வந்தது.

மாமா, என் மனைவியின் அப்பா, சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். பழைய கொம்யூனிஸ்ட். கோயிலுக்குள் எல்லாச் சாதியும் போக வேண்டும் என்று நடந்த போராட்டத்தில் வாசலில் நின்று அடி வாங்கிய தழும்பு புருவத்தில் இருந்தது. கல்யாணம் முடிந்து நான் அந்த வீட்டில் இருந்தது கொஞ்சக் காலம்தான். அவரும் நானும் அதிகம் பேசியதில்லை. ஆனால் அவருடைய மேசை லாச்சியில் ஒரு சிவப்பு பட்ஜ் இருந்தது. அதில் பொன் நிறத்தில் ஒரு தலைவரின் முகம். விசேஷ நாட்களில் அதை எடுத்துச் சேட்டில் குத்துவார்.

மொஸ்கோவில் இருப்பவர்கள் கொம்யூனிஸ்டுகள். மாமாவும் கொம்யூனிஸ்ட். மகள் அந்த பட்ஜைக் குத்திக்கொண்டு போனால், எங்கள் ஆள் என்று பார்த்து விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். கசற்றின் கடைசியில் சொன்னேன்: "மாமாவின்ரை சிவப்பு பட்ஜை வாங்கிக் குத்திக்கொண்டு வா. மொஸ்கோவிலை மறைக்காதை. அவங்களுக்கு நல்லாத் தெரியிற மாதிரிக் குத்து."

ஊருக்குப் போன ஒருவரிடம் கசற்றைக் கொடுத்துவிட்டேன். சில கிழமைகள் போயின. மனைவி கொழும்புக்கு வந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. அன்று பின்னேரம் அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வழக்கத்துக்கு மாறாக மனம் லேசாக இருந்தது. என்னுடைய யோசனையை அவரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அண்ணை கத்தியை வைத்தார். "உன்ரை மாமா எந்தப் பகுதி?"

"கொம்யூனிஸ்ட் அண்ணை."

"அது விளங்குது. மொஸ்கோப் பகுதியோ, பீக்கிங் பகுதியோ?"

இரண்டு பகுதி இருப்பது எனக்குத் தெரியும். ஓர் ஊரில் இரண்டு விளையாட்டுக் கழகம் இருப்பது போல என்றுதான் நினைத்திருந்தேன். வெளியூரோடு ஆட்டம் என்றால் சேர்ந்துவிடுவார்கள் என்று.

"பட்ஜிலை இருக்கிறவர் எப்பிடி? தாடி இருக்கோ?"

"தாடி இல்லை. வட்ட முகம். நாடியிலை ஒரு மச்சம் மாதிரி."

அண்ணை சிரிக்கத் தொடங்கினார். வெங்காயத்தால் வந்த கண்ணீரும் சிரிப்பால் வந்த கண்ணீரும் சேர்ந்து வடிந்தன. "எட மோட்டுப்பயலே! அது சீனாக்காரனடா. பீக்கிங் பட்ஜைக் குத்திக்கொண்டோ மனிசியை மொஸ்கோவுக்கு அனுப்புறாய்?"

"ரண்டும் சிவப்புத்தானே அண்ணை?"

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சோவியத் வரலாறு சொல்லித் தரப்பட்டது அன்றைக்குத்தான், அடுப்பில் சட்டி காயக் காய. போரை வென்ற தலைவர் செத்த பிறகு, அவர் செய்ததெல்லாம் பிழை என்று மொஸ்கோவே சொன்னது. பீக்கிங் அதை ஏற்கவில்லை. ஒருவரை ஒருவர் துரோகி என்றார்கள். மொஸ்கோ தன் பொறியியலாளர்களைச் சீனாவிலிருந்து திருப்பி அழைத்தது. கடைசியில் ஓர் ஆற்றுத் தீவுக்காக இரண்டு படையும் சுட்டுக்கொண்டன. அந்தப் பிளவு யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில் வரைக்கும் வந்து, ஒரே பாயில் இருந்து சுருட்டுச் சுற்றியவர்கள் முகம் பார்க்காமல் போனார்கள்.

"நானே என்ரை சித்தப்பனோடை எட்டு வருஷம் கதைக்கேல்லை," என்றார் அண்ணை. "நீ ஒவ்வொரு நாளும் ஸ்டாலின்கிராட்டிலை மெத்ரோ மாறுறாய். அந்தத் தலைவரின்ரை பேரை அவங்கள் தங்கடை நாட்டிலை எப்பவோ கழட்டிப் போட்டாங்கள். அந்த ஊருக்கு இப்ப வேறை பேர். இஞ்சை பாரிஸிலை மட்டும் கிடக்கு. இவ்வளவு நடந்திருக்கு. நீ ரண்டும் சிவப்பு எண்டுறாய்."

கொழும்பில் அவள் தங்கியிருந்த இடத்துக்குத் தொலைபேசி எடுக்க ஓடினேன். தபால் கந்தோரில் காத்திருந்து எடுத்தபோது வேறொருவர் பேசினார். முந்தின நாளே விமானம் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்.

"சட்டையிலை ஏதாவது குத்தியிருந்தவவோ?" என்று கேட்டேன்.

"என்ன? கேக்கேல்லை."

"சிவப்பா ஒரு பட்ஜ்..."

லைன் அறுந்துவிட்டது.

அவள் அந்த நேரம் மொஸ்கோவில் இருந்திருப்பாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அண்ணை எனக்கு ஆறுதல் சொல்ல முயன்றார். இப்போது மொஸ்கோவும் பீக்கிங்கும் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள், எல்லைப் பேச்சுவார்த்தை நடக்கிறது என்றார். பேச்சுவார்த்தை முறிந்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். "நீ ஒரு விசரன்," என்றுவிட்டுப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க அண்ணையோடு ரூ காய்க்குப் போனேன். அங்கே ஒரு புதுச்சேரிக்காரர் வருவார். பிரெஞ்சுத் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பேப்பரைப் படித்து எங்களுக்குச் சொல்வது அவருக்குப் பிடிக்கும். அன்றைக்குக் கத்தரிக்காய்ப் பெட்டியின் மேல் பேப்பரை விரித்து வைத்திருந்தார்.

"இதோ பாருங்க, அல்மாஞ் ரெண்டும், அதான் ஜெர்மனி ரெண்டும், பேசிக்கிட்டிருக்குது. உங்க ஆளுங்கள பெர்லேன் வழியா விடக்கூடாதுன்னு மேக்கால இருக்கிறவன் கேக்கறான். கெழக்கால இருக்கிறவன் ஒத்துக்குவான் போல."

"எப்ப இருந்து ஐயா?"

"அதப் போடல. ஆனா பாருங்க, வட்டியில்லாம கடன் தர்றேன்னா எவன் வேணாம்பான்?"

கடன் பற்றி அவர் சொன்னது பேப்பரில் இருந்ததா, அவருடைய சொந்த அபிப்பிராயமா தெரியாது. நான் நின்ற இடத்தில் குந்திவிட்டேன். அவ்வளவு நாளும் பட்ஜைப் பற்றியே யோசித்திருந்தேன். கதவையே பூட்டுவார்கள் என்பது என் யோசனைகளில் இருக்கவில்லை. எப்படி விடுபட்டது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அண்ணையின் தம்பியும் அதே வழியில் வருவதற்குப் பெயர் கொடுத்திருந்தான். கேட்டுக்கொண்டு நின்ற அண்ணை, "பேப்பர்காரர் எழுதுவினம்," என்று மட்டும் சொல்லிவிட்டு முருங்கைக்காய் பொறுக்கப் போனார்.

அடுத்த கிழமை ஒரு காலையில், பயணம் ஒழுங்கு செய்த ஏஜென்சிக்காரன் சாப்பாட்டுக் கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தான்: பேர்லினில் இருந்து ஆட்கள் வருகிறார்கள், ஸ்டாலின்கிராட் மெத்ரோ வாசலில் வந்து நிற்கவும். பெயர்கள் சொல்லவில்லை. நான் போய் நின்றேன். மேலே பாலத்தில் மெத்ரோ போய் வந்துகொண்டிருந்தது. அண்ணையும் வேலைக்குப் பிந்தி என்னோடு நின்றார். ஜேர்மன் இலக்கத் தகடு போட்ட கார் ஒன்று வந்து நிற்க, பின்கதவைத் திறந்து மனைவி இறங்கினாள். ஆருடையதோ ஓர் ஆண்பிள்ளைச் சுவெற்றர் போட்டிருந்தாள். நெஞ்சில் ஒன்றும் இல்லை.

"பட்ஜ் எங்கை?" என்றேன்.

"ஒண்டரை வருஷத்துக்குப் பிறகு காணுறியள். கேக்கிற கேள்வி இதோ?" என்றாள்.

அண்ணை அவளுடைய பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

அறைக்கு வந்து தேநீர் குடித்த பிறகு சொன்னாள். கசற்றை வீட்டில் எல்லாரும் இருந்து கேட்டார்களாம். பட்ஜைப் பற்றி நான் சொன்ன இடம் வந்ததும் மாமாவை எல்லோரும் பார்த்தார்கள். மாமா கசற்றை நிறுத்தச் சொன்னார். அவருக்கு ரஷ்யர்கள் என்றால் திரிபுவாதிகள், புரட்சியை விற்றவர்கள். அவர்களிடம் சலுகை கேட்டு மகள் போவதா என்று கத்தப்போகிறார் என்று அம்மா பயந்தாளாம். அவர் எழும்பிப் போய் லாச்சியைத் திறந்து பட்ஜை எடுத்து, வேட்டித் தலைப்பால் துடைத்தார்.

"'மருமோன் சொன்னது சரி. அவங்களுக்குக் காட்டத்தான் வேணும். இன்னும் இருக்கிறம் எண்டு தெரியட்டும்' எண்டார். தன்ரை கையாலை எனக்குக் குத்திவிட்டார். எனக்கு அழுறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை."

"பிறகு?"

"பஸ் முடக்குத் திரும்பினவுடனை கழட்டிப்போட்டன். நான் அப்பாவின்ரை மகள். எனக்குத் தெரியாதோ பீக்கிங் எது மொஸ்கோ எதெண்டு? நீங்கள்தான் ஒண்டும் தெரியாமல் கசற்றிலை கதைச்சுப்போட்டியள்."

பட்ஜை மிளகாய்த்தூள் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டியிருக்கிறாள். மொஸ்கோவில் ஓர் அதிகாரி பையைத் திறந்து பொட்டலத்தை மணந்து பார்த்தான். தும்மல் நிற்கவில்லையாம். பொட்டலத்தைப் பைக்குள் எறிந்துவிட்டுப் போகச் சொல்லிக் கை காட்டினான்.

அண்ணை கட்டிலில் முன்னுக்கு நகர்ந்து இருந்தார். அவர் ஒருநாளும் மொஸ்கோவைக் கண்டதில்லை. ஒரு காலத்தில் அவருக்குக் கிடைக்கவிருந்த மொஸ்கோப் படிப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. பாரிஸுக்கும் அவர் வேறு வழியால் வந்தவர்.

"மொஸ்கோ எப்பிடித் தங்கச்சி இருந்தது?"

"கண்ணாடிக்குப் பின்னாலை இருத்தி வைச்சவங்கள் அண்ணை. பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு போனாங்கள். கக்கூஸிலை தண்ணி இல்லை."

"வெளியிலை? வெளியிலை என்ன தெரிஞ்சது?"

அவள் யோசித்தாள். "ஒரு பச்சை பஸ் நிண்டது. தலையிலை துண்டு கட்டின ஒரு மனிசி நிலம் துடைச்சவா. என்னைப் பாத்திட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவா. காசு வாங்கேல்லை."

"பாத்தியோ!" என்று அண்ணை என் தொடையில் அடித்தார். "தேத்தண்ணி குடுத்திருக்கினம்!"

அந்தக் கோடையிலேயே கிழக்கு பேர்லின் கதவு மூடப்பட்டது. மேற்கு ஜேர்மனிக்குப் போக விசா இல்லாதவர்களை ஏற்றுவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அண்ணையின் தம்பி கொழும்பில் நின்றுவிட்டான்.

"ஜேர்மன்காரன் செய்த வேலை. மொஸ்கோவுக்குத் தெரிஞ்சிராது," என்றார் அண்ணை.

"மொஸ்கோவுக்குத் தெரியாமல் அவங்கள் தும்முவாங்களோ அண்ணை?" என்று கேட்டது என் மனைவிதான். அதற்குப் பிறகு அறையில் சோவியத்துப் பேச்சுக் குறைந்தது.

இலையுதிர் காலத்தில் சோவியத்தின் புதுத் தலைவர் பாரிஸுக்கு வந்தார். பதவிக்கு வந்தபின் அவர் மேற்கு நாடொன்றுக்கு வருவது அதுதான் முதல் தடவை என்று புதுச்சேரிக்காரர் சொன்னார். பொலிஸ் எல்லா இடத்திலும் நின்றது. மெத்ரோ வாசலில் எங்கள் ஆட்களை மறித்துப் பப்பியே, அதாவது வதிவிடப் பத்திரம், கேட்டார்கள். நான் இரண்டு நாள் வேலைக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் போகவில்லை. வேறொரு வருடமாக இருந்தால் அண்ணை வீதிக்குப் போய் நின்று கார் வரிசையைப் பார்த்திருப்பார். போகவில்லையா என்று கேட்டேன். "பிளோஞ் இருக்கு," என்றார்.

ஊரில் இருந்து கசற் வந்ததும் அந்த நாட்களில்தான். முதல் பாட்டு முடிய மாமி அழுதாள். அயலவர் ஒருவர் நேரம் என்ன வித்தியாசம் என்று கேட்டார். பிறகு மாமாவின் குரல். தொண்டையைச் செருமிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பிள்ளை, காட்டினியோ?"

மனைவி றெக்கோடரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பட்ஜ் ஜன்னல் தட்டில் கிடந்தது. எவ்வளவு துடைத்தும் மிளகாய் மணம் போகவில்லை.

"என்ன சொல்லுறது? மிளகாய்த்தூளுக்குள்ளை ஒளிச்சன் எண்டோ?" என்றாள்.

"காட்டினன் எண்டு சொல்லு," என்றேன்.

"நான் சொன்னால் நம்பமாட்டார். நான் பொய் சொன்னால் குரலிலை தெரியுமெண்டு சின்னனிலை இருந்து சொல்லுறவர். நீங்கள் சொன்னாலும் நம்பமாட்டார்."

அன்று அண்ணைக்கு லீவு. படுத்திருந்தவர் எழும்பி வந்து நிலத்தில் எங்களோடு இருந்தார். புதுக் கசற் ஒன்றைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அமத்தச் சொன்னார். அமத்தினேன். சுற்றத் தொடங்கியது.

"ஐயா, நான் உங்கடை மருமோனோடை இருக்கிறவன். மொஸ்கோப் பகுதி. உங்கடை ஆக்களோடை மேடையிலை சண்டை பிடிச்சனான்." ஜன்னல் தட்டில் கிடந்த பட்ஜைப் பார்த்தார். "தங்கச்சி காட்டினவ ஐயா. நெஞ்சிலை குத்திக்கொண்டு நேரை போனவ. அவங்கள் பாத்தவங்கள். பாத்திட்டுப் பேசாமல் வழி விட்டவங்கள். எதிர்ப்பகுதிக்காரன் சொல்லுறன், நீங்கள் நம்பலாம்."

பொத்தானை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். மனைவி சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள். அண்ணை எழும்பிப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பொத்தான் சரியாக அமர்ந்திருக்காவிட்டால்? கசற்றைத் திருப்பிச் சுற்றிப் போட்டேன். அண்ணையின் குரல் தெளிவாக இருந்தது. பின்னால் மெத்ரோ போகும் சத்தமும் விழுந்திருந்தது. மேலே பக்திப்பாட்டு என்று எழுதி, அடுத்த நாள் தபாலில் போட்டேன்.